இந்தத் தபா எங்கள் பக்கம்

கார்த்திகை, செவ்வாய் இரவு.

மழை விட்டுவிட்டது. படுத்தால் கட்டில் மெல்ல மிதப்பதுபோல் இருக்கிறது.

காலையில் ஏரி நிரம்பி, கால்வாய்த் தண்ணீர் எங்கள் தெருப்பக்கம் திரும்பியது. கரையை எங்காவது வெட்டிவிட்டால்தான் வீடுகள் தப்பும். வழக்கம்போல எல்லோரும் மண்வெட்டியோடு தேவகி அக்கா கழனிக்கு நடந்தோம். அங்கே வெட்டினால் அவள் பயிர் மட்டும் போகும். எதிர்ப்பக்கம் வெட்டினால் என்னுடையதும் மச்சான் குமாருடையதும் சேர்ந்து முழுகும்.

அக்கா கத்தவில்லை. "ஊரு பொழைக்கணும், செரி. போன தபாவும் என்னுதுதானே போச்சு? எப்பவும் நானேவா?" என்றாள்.

"இந்தத் தபா எங்க பக்கம் வெட்டலாம்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது.

"இன்னா மாமா, ஒண்ணு போறதுக்கு ரெண்டு போவணுமா?" என்றான் குமார்.

"அக்காவுதே ரெண்டு தபா போவணுமா?"

அவன் முணுமுணுத்துக்கொண்டே வந்து வெட்டினான்.

மாலையில் போய்ப் பார்த்தேன். என் இளம்பயிர் தண்ணீருக்கடியில் தூக்கத்தில் புரள்வதுபோல் அசைந்தது. மேலே வேடந்தாங்கல் பக்கம் நாரைகள் சத்தமில்லாமல் போயின. நஷ்டம் இரட்டிப்புதான். குமார் சொன்னதில் பிழை இல்லை. அவன் இன்னும் என்னோடு பேசவில்லை.

அக்கா தன் வரப்பில் உட்கார்ந்து, முழுகாத பயிரை இருட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.