இருபத்தேழு டிகிரியில் யார் குடியிருக்கிறார்கள்?

அனுப்புநர்:
இரவுப் பணிச் செவிலியர்,
மேல்தள வீடு, பசுமைக் குடியிருப்பு.

பெறுநர்:
தலைமை வடிவமைப்புப் பொறியாளர் அவர்கள்,
வீட்டுவசதி அலுவலகம்.

பொருள்: வீடு இதமாக இருப்பதாக நாங்கள் இருவர் அளித்த பதில்களைத் திரும்பப் பெறுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. குளிர்சாதனம் தேவைப்படாத வீடுகள் என்று தாங்கள் வடிவமைத்த கட்டடத்தில் குடியிருக்கிறேன். தங்கள் கணக்குப்படி கட்டடத்தின் பகல் வெப்பம் இருபத்தேழு டிகிரி. நானும் அளந்து பார்த்தேன். கீழ்த்தளத்தில் இருபத்திரண்டு, என் வீட்டில் முப்பத்திரண்டு. சராசரி சரியாகத்தான் வருகிறது. அந்த இருபத்தேழில் யார் குடியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

2. இரவெல்லாம் மருத்துவமனையில் நின்றுவிட்டுப் பகலில் தூங்குபவள் நான். கீழ்வீட்டுத் தையற்கார அக்காவுக்கோ குளிர்ந்தால் விரல்கள் மரத்துப்போகும். ஆகவே காலையில் சாவியை மாற்றிக்கொள்வோம். அவருடைய தையல் இயந்திரம் என் வீட்டில் இருக்கிறது, என் தலையணை அவர் வீட்டில்.

3. சென்ற மாதம் தங்கள் ஆய்வாளர் நண்பகலில் வந்து, "வீடு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். மேலே அக்கா, "நல்லா இதமா இருக்குங்க" என்றாராம். கீழே நான் தூக்கக் கலக்கத்தில், "சொர்க்கம் சார்" என்று சொல்லித் தொலைத்தேன். இருவரும் சொன்னது உண்மைதான். வீடு மாறியிருக்கிறோம் என்று சொல்லத்தான் இருவருக்கும் தோன்றவில்லை. கணக்கு நிரூபணமாகிவிட்டதாக அறிக்கை வந்துவிட்டது.

4. அன்றிலிருந்து ஒரு கேள்வி மண்டையைக் குடைகிறது. புழுக்கம் தாங்காமல் நான் ஓடிப்போனதே புழுக்கம் இல்லை என்பதற்குச் சாட்சியாகிவிட்டதே! அப்படியானால், எதைக் கண்டால் இந்தக் கணக்கு தவறு என்று தாங்கள் ஒப்புக்கொள்வீர்கள்? குத்தலாகக் கேட்கவில்லை ஐயா, தெரிந்துகொள்ளும் ஆசைதான். என்ன நடந்தாலும் சரியென்றே வரும் கணக்கு, வீட்டைப் பற்றி நமக்கு என்ன சொல்கிறது?

5. எங்கள் பாட்டை நாங்கள் பார்த்துக்கொள்வோம். ஆனால் அதே அறிக்கையை நம்பி எங்கள் மருத்துவமனைக்கு இதே வடிவில் புதுக் கட்டடம் எழும்பப்போவதாக அறிவிப்புப் பலகையில் கண்டேன். மேல்தளம் பிரசவித்த தாய்மார்களுக்கு, கீழ்த்தளம் குளிர் ஒத்துக்கொள்ளாத மூச்சுத்திணறல் நோயாளிகளுக்கு. படித்ததிலிருந்து பகல் தூக்கமும் போய்விட்டது.

ஆகவே, எங்கள் இரண்டு பதில்களையும் நீக்கிவிட்டு, வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில் தாங்களே வந்து இரு வீடுகளிலும் சற்று அமர்ந்து பார்த்த பிறகே புதிய வரைபடத்தில் கையெழுத்திடுமாறு வேண்டுகிறேன். அன்று நாங்கள் அவரவர் வீட்டிலேயே இருப்போம். எங்களால் மாடி மாற்றிக்கொள்ள முடிந்தது. கட்டிலில் கிடப்பவர்களால் முடியாது.

நாள்: மே 14
இடம்: அக்காவின் வீடு, கீழ்த்தளம்

தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
மேல்தள வீட்டுக்காரி