ஈரத்துணிக்குக் கீழே ஜெபம்

12 ஜூலை 1996, வெள்ளி இரவு

இன்று வீட்டு ஜெபம் பக்கத்து ஏரியாவான சாங்வியில், ஸ்டெல்லா அக்கா வீட்டில் நடப்பதாக இருந்தது. அங்கே மழைத்தண்ணீர் புகுந்துவிட்டதால் பாஸ்டர் எல்லோரையும் எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டார். இருப்பது ஒரே அறை. அதிலும் குறுக்கே கொடி கட்டி ஈரத்துணி போட்டிருந்தேன். அம்மா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை.

"வீடு ஒரே கச்ராவா, குப்பையா இருக்கு பாஸ்டர்" என்று வாசலை மறித்து நின்றேன்.

"தள்ளுடி, நனையறோம்ல!" என்று ஸ்டெல்லா அக்கா உள்ளே புகுந்துவிட்டார். எல்லோரும் துணிக்குக் கீழே உட்கார்ந்தார்கள். பாஸ்டரின் வழுக்கையில் ஒரு சொட்டு விழுந்தது.

"பாஸ்டருக்கே ஞானஸ்நானம் குடுத்துட்டியே!" என்றார் அக்கா. பாஸ்டர்தான் அதிகம் சிரித்தார்.

முதல் ஜெபம் வீட்டுக்காரர் செய்ய வேண்டும். அம்மா இல்லாததால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எட்டாவதோடு படிப்பை விட்டதிலிருந்து நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே எனக்குப் பயம்.

"இயேசப்பா, வீடு இப்படித்தான் இருக்கு. நானும் இப்படித்தான். பரவால்லன்னா வாங்க, உக்காருங்க."

அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. ஆமென் சொல்லவும் மறந்துவிட்டேன். எல்லோரும் கண்ணை மூடியபடி காத்திருந்தார்கள். கடைசியில் அக்கா ஒரு கண்ணை மட்டும் திறந்து, "முடிஞ்சுதாடி?" என்றார்.

முடியவில்லை போலிருக்கிறது. ராத்திரி பாத்திரம் துலக்கும்போதும் இயேசப்பாவிடம் பேசிக்கொண்டேதான் இருந்தேன்.