ஐந்து வாரமாகப் பொரியாத முட்டைகள்

அன்புள்ள அக்காவுக்கு, இங்கே அனைவரும் நலம் என்று அப்பா சொல்லச் சொல்ல எழுதியே கை பழகிவிட்டது. இது அவர் சொல்லாமல் எழுதுவது, அதனால் உண்மை: அம்மா நலம், நான் கணக்குப் பாடத்தைத் தவிர நலம், அப்பாவின் வலது காது நலமில்லை. போர்வைக்குள் டார்ச்சோடு எழுதுகிறேன்.

ஆறு வாரத்துக்கு முன்னால் சளியோடு கப்பலின் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்ட முங்கிய அப்பா, காதில் ரத்தத்தோடு ஏறிவந்தார். செவிப்பறை கிழிந்திருக்கிறது, மூன்று மாதம் முங்கவே கூடாது என்றார் டாக்டர், கூடப் போனவள் நான்தான். வேலைக்குப் போகாததற்கு அம்மாவிடம், சுரண்டக் கப்பல் வரவில்லை என்று கதை. அம்மாவுக்குத் தெரிந்தால் கத்துவாள், அப்பா வீம்புக்கே குதிப்பார். ஆனால் உன் ஆராய்ச்சிக்குப் பாறை மீனைப் பார்த்து வாராவாரம் எழுதச் சொன்னாயே, மக கேட்டா மாட்டேன்னு எப்படிடி சொல்றது என்று நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஆண் மீன் பாறையை வாயாலேயே தேய்த்துச் சுத்தம் செய்தது, மூன்று பெண் மீன்கள் முட்டையிட்டதும் விரட்டிவிட்டது, துடுப்பால் முட்டைகளை விசிறியது, அப்பாவின் முகக் கண்ணாடியில் முட்டியது, இந்த முதல் கடிதம் மட்டும் காது கிழிவதற்கு முன்னால் கண்ணால் பார்த்தது. மற்றதெல்லாம் நாற்காலிக் கடல். மீன் கண்ணடித்தது என்ற வரி என்னுடையது, மன்னித்துவிடு. எத்தனை நாளில் பொரியும் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. இன்னும் காவல் காக்குதுன்னே எழுது, புள்ளைங்கள விட்டுட்டு அது எங்கடி போகும் என்றார்.

நீயோ, பத்து நாளில் பொரிய வேண்டியது ஐந்து வாரமாக அப்படியே இருக்கிறதா, அதிசயம், பேராசிரியரிடம் சொல்லப் போகிறேன், ஒரு போட்டோ அனுப்புங்கள் அப்பா என்று எழுதிவிட்டாய். போட்டோ வரியை விட்டுவிட்டுப் படித்திருக்கலாம், அப்பாவுக்கு அப்படியே படித்துக் காட்டிவிட்டேன். அவர் அன்றிலிருந்து கேமரா உறையைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் முங்கப் போகிறாராம்.

உன் தீவில் சிக்னல் இல்லை, சனிக்கிழமை தபால் எடுக்கக் கரைக்கு வருவாய் அல்லவா, இதைப் படித்த கையோடு அப்பாவுக்கு போன் செய். போட்டோ வேண்டாம், முட்டையெல்லாம் என்றோ பொரிந்திருக்கும், மீனை ஓய்வெடுக்க விடுங்கள் என்று சொல். என் பெயரை எடுக்காதே. பேராசிரியரிடமும் வாயைத் திறக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று கடைசி வரியில் அப்பா எப்போதும் சொல்வாரே, அது மட்டும் நாற்காலியில் இருந்து வந்தாலும் பொய் இல்லை.

இப்படிக்கு,
இதுவரை அப்பாவின் கையெழுத்தாக இருந்த உன் தங்கை

மறக்காதே, சனிக்கிழமை. அப்பா பக்கத்தில்தான் தூங்குகிறார். அவருடைய வலது பக்கமாக உட்கார்ந்து எழுதுகிறேன், பேனா சத்தம் கேட்காது.