வலது மூலையில் என் அப்பாவின் பெயர்

என் அப்பாவின் பெயரை நிலைநாட்டத்தான் கான்வென்ட்டில் கிடக்கும் அந்தப் படத்தை விலைக்குக் கேட்டு நான் அலைகிறேன் என்று மன்னார்குடியில் பேசிக்கொள்கிறார்களாம். அது தவறு. அந்தப் பெயரை அதிலிருந்து எடுக்கத்தான் அலைகிறேன். உன்னிடமாவது இதை முதலில் திருத்திச் சொல்லிவிட வேண்டும்.

இன்று காலை ஜன்னல் கம்பிகளுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வந்தார். டர்பன்டைன் டப்பாவைத் திறந்ததும் பள்ளியின் பின்புற வராந்தா நினைவில் வந்து நின்றது. அங்கேதான் நீ அந்தப் பலகையில் நடவு வயலை வரைந்தாய். குனிந்த முதுகுகள் பதினொன்று. நடுவில் ஒருத்தி மட்டும் கையில் நாற்றுமுடியோடு நிமிர்ந்து நேராகப் பார்க்கிறாள். உன் அம்மா.

பலகையும் வர்ணமும் என் அப்பா வாங்கித் தந்தவை. நீ எங்கள் பண்ணையில் வேலை செய்தவர்களின் மகள். சிஸ்டர்கள் பள்ளிச் சம்பளம் வாங்காமல் உன்னைப் படிக்கவைத்தார்கள். பள்ளிக்குள் என்னை வாடி, போடி என்பாய். பேருந்து நம் ஊர் மதகைத் தாண்டியதும் 'நீங்க' வந்துவிடும். அந்த மாற்றத்தை நான் ஒருமுறைகூட வேண்டாமென்று சொன்னதில்லை. அதுதான் ஒழுங்கு என்று நினைத்தேன்.

முடிந்த படத்தைப் பார்க்க வந்த அப்பா, நிமிர்ந்து நிற்பவளை விரலால் காட்டினார்.

"எல்லாரும் குனிஞ்சிருக்கையில அவ ஒருத்திக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

"இடுப்பு வலிச்சா நிமிரத்தானே செய்வாங்க, ஐயா" என்றாய் நீ. பக்கத்திலிருந்த சிஸ்டர் சிரிப்பை அடக்க இருமினார்.

நம் பள்ளியில் மணி, பெஞ்சு, தண்ணீர்ப் பானை என்று எல்லாவற்றிலும் கொடுத்தவர் பெயர் இருக்கும். படத்திலும் எழுதவேண்டும் என்றார் மதர். என்னை யாரும் கேட்கவில்லை; பள்ளியிலேயே என் கையெழுத்துதான் அழகு என்று நானாக முன்வந்தேன். வலது மூலையில் உன் பெயரைச் சிறியதாகப் போட்டிருந்தாய். அந்த இடம்தான் எனக்குத் தோதாக இருந்தது. அதன்மேல் வெள்ளை பூசி, உலர்ந்த பிறகு 'உபயம்' என்று தொடங்கி அப்பாவின் பெயரை ஊரோடு எழுதினேன். தூரிகையைக் கழுவித் துடைத்து என் கையில் கொடுத்தவள் நீ.

அடுத்த அறுவடையில் கூலித் தகராறு வந்தது. அப்பா வெளியூர் ஆட்களை வயலில் இறக்கினார். வரப்பில் மறித்து நின்றவர்களில் உன் அம்மாவும் ஒருத்தி. எங்கள் மனையில் இருந்த உங்கள் குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொன்னார் அப்பா. நீ பரீட்சை எழுதாமலே பள்ளியை விட்டுப் போனாய். குடியிருக்கும் மனை அவரவருக்கே என்று அரசாங்கம் பட்டா கொடுக்கத் தொடங்கியபோது உன் அம்மா உயிரோடு இல்லை.

பல வருடங்கள் கழித்து மன்னார்குடி பேருந்து நிலையத்தில் உன்னைப் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் சிவப்புப் பெயின்ட். கணவரோடு சேர்ந்து கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவதாகச் சொன்னாய். "ஊர்ல உள்ளவன் பேரெல்லாம் நான்தாண்டி எழுதுறேன். உன் கையெழுத்தைவிட இப்ப என்னுது நல்லாருக்கும்" என்று சிரித்தாய். பள்ளிக்கு வெளியே நீ என்னை 'டி' போட்டது அன்றுதான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். என் பேருந்து வந்துவிட்டது. இத்தனை நாளும் அந்தப் பேருந்தின்மேல் பழி போட்டுக் காலம் தள்ளினேன்.

உன் கருமாதியன்று உன் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்: "அம்மாயி மூஞ்சி எப்படியிருக்கும்னே எனக்குத் தெரியாதுங்க. ஒரு போட்டோகூட இல்ல." உன் அம்மா நிமிர்ந்து நிற்கும் படம் ஒன்று இருக்கிறது, வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

இப்போதைய தலைமையாசிரியை நல்ல சிஸ்டர்தான். ஆய்வுக்கூட அலமாரிக்குப் பின்னால், பூஞ்சை பிடித்துக் கிடந்த படத்தைத் தேடி எடுத்தார். ஆனால் உபயமாக வந்த பொருளை விற்க முடியாது என்றார். அங்கேதான் நான் பொய் சொன்னேன். அப்பாவின் நினைவாக வீட்டில் மாட்ட ஆசை என்றேன். ஊர்ப்பேச்சு கிளம்பியதே என் வாயிலிருந்துதான். சிஸ்டர் மனம் உருகிவிட்டார்.

"கவலைப்படாதீங்க மேடம். புது ஹால்ல மாட்டி, கீழே கிரானைட்ல அப்பா பேரைப் பொறிச்சிடறோம்."

மறுநாளே ஓடிப்போய், வரைந்தவள் நீ என்று சொன்னேன். பதிவேட்டைப் புரட்டினார். அதில் உன் பெயர் இல்லை. படத்தின் மூலையைக் காட்டி, இது யார் எழுத்து என்று கேட்டார். என்னுடையது என்றேன்.

"அப்ப நீங்க எழுதுனதே பொய்யாங்க?"

ஆம் என்றேன். வயதானவள் குழம்புகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். என் கணவர் இறந்தபோதுகூடப் பிறர் எதிரில் அழாதவள், அந்த அறை வாசலில் கைகூப்பி நின்று அழுதேன். கல்லுக்குச் சொல்லியாகிவிட்டது, பொங்கல் முடிந்ததும் திறப்புவிழா என்று மட்டும் சொன்னார்கள்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. நான் பூசிய வெள்ளைக்கு அடியில் உன் பெயர் இருக்கிறது. முதல் எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கும். கடைசி எழுத்தின் புள்ளியை நீ தள்ளி வைத்திருப்பாய். அதைக் கண்ணால் பார்த்தவர்களில் மிஞ்சியிருப்பவள் நான் ஒருத்திதான். என் காலத்துக்குப் பிறகு அங்கே தேடிப் பார்க்க யாருக்கும் தோன்றாது.

உன்னிடம் பேசுவதுபோல எழுதினால்தான் எனக்கு உண்மை முழுதாக வருகிறது. அதனால் இந்த மடலையே படியெடுத்துத் தலைமையாசிரியைக்கு அனுப்புகிறேன். கீழ்வரும் வரிகள் அவருக்கு.

சிஸ்டர் அவர்களுக்கு: படத்தை விற்றால் வாங்கிக்கொள்கிறேன். விற்க முடியாதென்றால், கல்லைப் பொறிப்பதற்கு முன் அந்த வலது மூலையை என் முன்னிலையில் சுரண்டிப் பார்க்க அனுமதிக்க வேண்டும். வரைந்தவளின் மகளும் உடனிருப்பாள். தங்கள் முடிவை வருகிற வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.