வரிசை இல்லாத கஞ்சி

என் ஆசை அக்கா,

உன் மகள் சாருஜாவுக்குப் பதினேழு வயதாகிவிட்டது. உயரத்தில் உன்னைத் தாண்டிவிட்டாள். வாய் மட்டும் அப்படியே உன்னுடையது. உருத்திரபுரத்தில் அவளோடு கதைத்து வென்றவர் இன்னும் பிறக்கவில்லை.

கடைசிச் சண்டையில், நீ கஞ்சிக்கு வரிசையில் நின்றபோதுதான் ஷெல் விழுந்தது. நீ போய்விட்டாய். உன் சட்டையைப் பிடித்தபடி நின்ற நான்கு வயதுப் பிள்ளை ஒரு கீறலுமின்றி என்னிடம் வந்து சேர்ந்தாள். கஞ்சியின் மணமே அவளுக்கு ஆகாது என்று நானாகவே முடிவுகட்டினேன். காய்ச்சல் வந்தால்கூட எங்கள் வீட்டில் கஞ்சி இல்லை, பேக்கரிப் பாண்தான். மே மாதத்தில், செத்தவர்களை நினைத்து ஊரில் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கும் நாளில், அவளை வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் போய்வருவேன். உனக்கான நாளில் உன் பிள்ளை இல்லையே என்று ஒவ்வொரு வருடமும் நினைத்துக்கொள்வேன்.

இந்த வருடமும் அவளை வர வேண்டாம் என்றேன். புத்தகத்தை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“சித்தி, எனக்குக் கஞ்சியில என்ன கோவம்? வரிசையிலதான் நிக்கேலாது. முன்னுக்கு நிக்கிற ஆள் விழுந்திடுவாரோ எண்டு முதுகையே பாத்துக்கொண்டு நிப்பன்.”

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. கடை திறக்கும் முன்பே போய் நிற்பாள். பஸ்ஸில் எல்லாரும் ஏறி முடிந்த பிறகே ஏறுவாள். பள்ளிக்கூடத்தில் மாணவத் தலைவியாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாளே, அதுவும் இதற்குத்தான். தலைவிகள் காலைப் பிரார்த்தனையில் வரிசைக்கு வெளியே நிற்கலாம் அல்லவா? நான் அதைப் பதவி ஆசை என்று பகிடி பண்ணிக்கொண்டிருந்தேன். ஒருவருக்கும் கரைச்சல் கொடுக்காமல் இந்தப் பிள்ளை தனக்கென்று ஒரு வழி வெட்டிக்கொண்டு போயிருக்கிறது. அந்தத் தைரியம் எனக்கு இல்லை அக்கா. உனக்கு இருந்ததா?

“அப்ப வருவியா?”

“வாறன். ஆனா நான் சொல்லுறபடிதான் நடக்கோணும்.”

கோயிலடியில் பெடியள் வரிசைக்குக் கயிறு கட்டி வைத்திருந்தார்கள். அவள் நேரே போய் அதை அவிழ்த்தாள். மரத்தடியில் பாய்களை விரித்தாள்.

“எல்லாரும் இருங்கோ. நான் கொண்டு வாறன்.”

“வரிசையில வந்தாக் கெதியா முடியுமெல்லே, பிள்ளை?” என்று ஒரு பெரியவர் முணுமுணுத்தார்.

“கெதியா முடிச்சு எங்க போகப்போறியள், ஐயா? இருங்கோ.”

அவர் பாயில் இருந்துவிட்டார். பிறகு ஊரே இருந்தது. உன் மகள் தேங்காய்ச் சிரட்டையில் கஞ்சி ஏந்தி வந்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தாள். முதலில் கொஞ்சம் சிந்தியது. அவள் நிறுத்தவில்லை. எல்லாருக்கும் கொடுத்த பிறகு என் பக்கத்தில் வந்திருந்து தானும் குடித்தாள்.

“உப்புக் காணாது, சித்தி.”

நான் அழுதுவிட்டேன். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

அக்கா, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நான் உயிரோடு இருக்கும்வரை, உன்னை நினைத்து இங்கே கொடுக்கும் கஞ்சியை எல்லாரும் இருந்துதான் குடிப்பார்கள். நீயும் இனி அந்த வரிசையில் நிற்க வேண்டாம். வந்து இரு. உன் பிள்ளை கொண்டு வருவாள்.

அவளுக்குச் சித்தி,
உனக்கு என்றைக்கும் தங்கச்சி