சித்திரக்கதை வில்லனும் நானும்

14 ஆகஸ்ட் 1983, ஞாயிறு

வகுப்பில் மாணவன் ஒருவனிடம் பறித்த சித்திரக்கதைப் புத்தகத்தை ஆசிரியையான மகள் லீலா தேநீர் வேளையில் வாசித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதில் வரும் வில்லன் யாரையும் அடிப்பதில்லை. கண்ணைப் பார்த்து மெல்லப் பேசுவான். அவன் நினைப்பதைத் தங்கள் சொந்த ஆசை என்று நம்பி மற்றவர்கள் செய்வார்கள்.

"அம்மா, இவன் உங்க மாதிரி லா."

"நான் எப்ப உன்னைக் கட்டாயப்படுத்துனேன்? எல்லாத்துக்கும் உன் விருப்பம்னுதானே சொல்வேன்."

"கோப்பைய கீழ வச்சிட்டு, கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டுச் சொல்வீங்க."

நான் படித்த கான்வென்டில் சிஸ்டர்கள் குரலை உயர்த்தியதே இல்லை. நானும் அப்படித்தான் அவளை வளர்த்தேன்.

கோலாலம்பூரில் அவளுக்குத் தலைமையாசிரியை பதவி வந்திருக்கிறது. போன வாரம் கேட்டாள். உன் விருப்பம் என்றேன். அன்றே வேண்டாமென்று கடிதம் எழுதிவிட்டாள். நாளை அனுப்ப வேண்டும்.

அவள் அப்பா இறந்த பிறகு, கோலாலம்பூருக்கு வெகுதூரத்தில் இருக்கும் இந்த டத்தோ கிராமாட் வீட்டில் நாங்கள் இருவர்தான். ஆனாலும் இன்று சொன்னேன்: "நீ போ. நான் தனியா இருந்துக்குவேன்."

அவள் சிரிப்பு நின்றது. "சரிம்மா. நீங்க சொன்னா போறேன்."

அவளுக்கு நாற்பத்தொரு வயது. போக ஆசை இருக்கிறதா என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. கேட்டால், என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள்.