ஈரலில் ஒன்றுமில்லை

செப்டம்பர் 1, திங்கள்
நேற்று விடுதி மொட்டைமாடியில் மறுபடியும் அதே கதை. பையன்கள் மதுக் கோப்பையை நீட்டினார்கள். "ஈரல்ல பிரச்சினை, தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றேன். உடனே விட்டுவிட்டார்கள்! ஒரு வருடமாக "வேண்டாம், வேண்டாம்" என்று கெஞ்சியும் கிடைக்காத நிம்மதி, ஒரே பொய்யில் கிடைத்துவிட்டது.

செப்டம்பர் 4, வியாழன்
என் அறைத்தோழன் ஒட்டடை (ஆள் ஒட்டடைக்குச்சி உயரம்) சமையல்காரரிடம் போய், எனக்கு மட்டும் எண்ணெய் இல்லாமல் சமைக்கச் சொல்லியிருக்கிறான். அவரும் சமைக்கிறார். தட்டைப் பார்த்தால் எனக்கே என்மேல் பரிதாபம் வருகிறது.

செப்டம்பர் 8, திங்கள்
"எந்த டாக்டர்டா? என்ன மாத்திரை?" ஒட்டடை விடுவதாயில்லை. அவன் மாமா ஈரல் கெட்டுத்தான் செத்தாராம். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். குடிக்கப் பிடிக்கலை என்பதெல்லாம் ஒரு காரணமா என்று கேட்டுவிட்டால்?


 

செப்டம்பர் 11, வியாழன்
வகுப்பு முடிந்து வந்தால் அறை வாசலில் அப்பா. தையல் மெஷின் பழுதுபார்த்த கையைக்கூடக் கழுவாமல் பஸ் ஏறியிருக்கிறார். ஒட்டடைதான் போன் செய்திருக்கிறான்.

"ஈரலாமேடா... எங்ககிட்ட ஏன்டா மறைச்ச? அம்மா இன்னும் சாப்பிடல."

முழுப் பூசணிக்காயை இனி எந்தச் சோற்றில் மறைப்பது?

"ஒண்ணும் இல்லப்பா. குடிக்கச் சொன்னாங்க. எனக்குப் பிடிக்கல. அதான்—"

"பிடிக்கலன்னு சொல்றதுக்கு ஒரு வியாதி வேணுமாடா?" அப்பா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். போனில் அம்மாவிடம், "நல்லாத்தான் இருக்கான், நீ சாப்பிடு" என்றார்.

ஒட்டடை வாசலிலேயே நின்றான். "நீ குடிக்கலன்னு இங்க யாருடா அழுதா? மாமா ஞாபகம் வந்து நான் தூங்கியே மூணு நாளாச்சு."

செப்டம்பர் 15, திங்கள்
ஒட்டடை இன்றும் என்னோடு பேசவில்லை. ஒரே அறை. எட்டடி தூரம்.

செப்டம்பர் 21, ஞாயிறு
மதியம் எதிர் அறைக்காரனின் பிறந்தநாள் விருந்து. கோப்பை என்னிடம் வந்தது.

"வேண்டாம்."

"ஏன், ஈரலா?" எல்லோரும் சிரித்தார்கள். காது சுட்டது.

"ஈரல் நல்லா இருக்கு. எனக்கு வேண்டாம். அவ்ளோதான்."

"அதெப்படி? காரணம் சொல்லு."

சொல்லவில்லை. என் மூக்குக்கு நேரே கோப்பை அப்படியே நின்றது. எவ்வளவு நேரமோ.

ஒட்டடை அதை வாங்கிப் பக்கத்தில் இருந்தவனிடம் தள்ளினான். என்னைப் பார்க்கவில்லை.

"அந்தக் கடலைய இந்தப் பக்கம் தள்ளுடா" என்றான்.

என்னிடம்தான்.